எதிர்க்கரைக் கூழைக்கடா

பூமியின் வருங்காலமே தம் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது என்று பதிவாளர் சொல்வதுண்டு. அந்த நோட்டுப் புத்தகம் அவர் மனைவியின் பையில், மாத்திரை டப்பாவுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் இருந்தது.

முப்பத்து நான்கு வருடம் வீட்டுமனைகளைப் பதிவு செய்து ஓய்வு பெற்றவர், இப்போது ஞாயிறுதோறும் காலையில் குளக்கரையில் வாத்துகளைப் பதிவு செய்கிறார். மருந்துக்கடைக்காரம்மா தலைமையில் ஏழு பேர் கொண்ட இயற்கைக் கணக்கெடுப்புக் குழு. பாதிப் பேர் அந்த மண்ணின் செடிகொடிகளை எழுதுவார்கள், மீதிப் பேர் பறவைகளை. பறவைக்குப் பதிவாளர்தான் பொறுப்பு. ஒரே குறை, ஒரு வருடமாக அவர் கண்ணில் புரை. பத்தடிக்கு அப்பால் உலகம் சோப்புத் தண்ணீர்.

இது மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தம்மா காதோரம் முணுமுணுப்பார், இவர் கணீரென்று அறிவிப்பார். ஒருமுறை "சேத்துல நிக்கிறீங்க" என்று முணுமுணுத்ததையும் அறிவிக்கப் போய், பாதியில் இருமிச் சமாளித்தார். விஷயம் வெளியே தெரிந்தால் புல் அளக்கும் கோஷ்டிக்கு நாடா பிடிக்க அனுப்பிவிடுவார்களே என்பதுதான் அவர் பயம். நாடா பிடிப்பவரை யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

அன்று மருந்துக்கடைக்காரம்மா புது முறை கொண்டுவந்தார். ஆளுக்கு ஓரிடம், பத்து நிமிடம், வாயைத் திறக்கக் கூடாது. புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து நிறுத்துங்கள் என்று குழுவிலிருந்த தையல்காரர் எடுத்துக் கொடுத்தார். மனைவி எதிர்க்கரை நாணல் பக்கம் நீர்ச்செடி எண்ணப் போக வேண்டியதாயிற்று.

போகுமுன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, கணவரின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் நெருங்கினார்.

"காதுல விழுந்ததை மட்டும் எழுதுங்க. கண்ணை நம்பிடாதீங்க."

காது பிரமாதமாகத்தான் வேலை செய்தது. காகம், மீன்கொத்தி, தாழைக்கோழி என்று ஐந்து சேர்ந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொறுப்பாளருக்கு ஐந்து அழகா? எதிர்க்கரையில் வெள்ளையாக, பெரிதாக ஏதோ அசைந்தது. பதிவாளர் எழுதினார்.

எல்லோரும் மரத்தடியில் கூடியதும் மருந்துக்கடைக்காரம்மா அவர் குறிப்பை உரக்கப் படித்தார்: "கூழைக்கடா ஒன்று. நன்கு பருத்தது. ஓயாமல் குனிந்து நீரில் துழாவுகிறது."

அந்தக் குளத்துக்குக் கூழைக்கடா வந்ததாகச் சரித்திரமே இல்லை. இரண்டு பேர் பார்த்தால்தான் பட்டியலில் ஏறும் என்பது விதி. தையல்காரர் தாடையைத் தடவினார்.

"அக்கா, நீங்க அந்த நாணல்கிட்டதானே நின்னீங்க? உங்க கண்ணுல பட்டுதா?"

பதிவாளர் மனத்தளவில் நாடாவைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்தம்மா கணவரை ஒரு பார்வை பார்த்தார். வெயிலுக்காகத் தலையில் போட்டிருந்த பெரிய வெள்ளைத் துண்டை நிதானமாக எடுத்து, மடித்து, பைக்குள் வைத்தார்.

"ரொம்பக் கிட்டத்துல இருந்தே பாத்தேன். ஆனா இவர் சொல்ற அளவுக்குப் பருமன்லாம் கிடையாது."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் குளத்தின் பறவைப் பட்டியலில் முப்பத்தெட்டாம் எண்ணில் இருப்பது பதிவாளரின் மனைவி.