டி.வி. பஸ்ஸும் மாடத்தியின் விரதமும்

பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் மாடத்தி. தளவாய்புரத்திலிருந்து ராஜபாளையம் வரை எந்தப் பள்ளம் எந்த மழையில் விழுந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். வேனில் பிள்ளைகள் எத்தனை தடவை வாந்தி எடுத்திருக்கும், அவள் எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பாள்! அவளுக்கு ஒருநாள் ஒருபொழுது குமட்டியது கிடையாது. அப்படிப்பட்டவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டிரைவிங் பயிற்சி நிலையத்தில், நாலு சுவருக்குள், ஓர் அங்குலம்கூட நகராத நாற்காலியில் உட்கார்ந்தபடி வாந்தி எடுத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? எடுத்தாள். அதுவும் கூட வேலை பார்க்கிற டிரைவர் சமுத்திரத்தின் கண் முன்னால்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் புதிதாக நீளமான பஸ் ஒன்று வாங்கினார்கள். ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தது இரண்டே பேர், மாடத்தியும் சமுத்திரமும். அவள் அந்த லைசென்ஸை எடுத்து ஆறு வருஷமாகிறது. இந்த ஆறு வருஷத்தில் பெரிய வண்டியின் ஸ்டீரிங்கைத் தொட ஒருத்தனும் விட்டதில்லை. வேலைக்கு முதலில் சேர்ந்தவள் என்பதால் பஸ் அவளுக்குத்தான் என்றார் தாளாளர். ஆனால் பயிற்சி நிலையத்தில் திரையில் ஓடுகிற கம்ப்யூட்டர் பஸ்ஸை இருபத்தைந்து நிமிஷம் ஓட்டிப் பாஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பஸ் சமுத்திரத்துக்கு. அவன் முதல் நாளே பாஸ் செய்துவிட்டான். மாடத்தி ஏழாவது நிமிஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வேன் போதும் தங்கச்சி ஒனக்கு” என்றான் சமுத்திரம்.

அவளுக்கு மானம் கப்பலேறிப் போயிற்று. இன்னொரு வாய்ப்பு புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை என்றார்கள். ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் அதிகம். விட்டேனா பார் என்று கிளம்பினாள்.

ராஜபாளையத்தில் பென்சன் என்பவர் கேம் சென்டர் நடத்துகிறார். அவருடைய தங்கச்சி மகள் மாடத்தியின் வேனில்தான் போய்வருகிறாள். அங்கே ஸ்டீரிங், பெடல் எல்லாம் வைத்து, டி.வி.யில் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு. தினமும் கடைசி டிரிப் முடிந்ததும் மாடத்தி அங்கே போய் உட்கார்ந்தாள். முதல் நாள் மூன்று வளைவு. வாந்தி. இரண்டாம் நாள் நாலு வளைவு. வாந்தி. மூன்றாம் நாள் பென்சனே ஒரு வாளி வாங்கி வைத்துவிட்டார்.

தெருவில் விஷயம் வேறு மாதிரிப் பரவியது. பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள் குழாயடியில் வைத்தே கேட்டாள்.

“ஏட்டி, எத்தன மாசம்?”

“ஒரு மாசம்தான் இருக்கு.”

“ஒரு மாசம்தானா? அதுக்குள்ள இம்புட்டு மசக்கையா?”

“நாசமாப் போச்சு! டெஸ்ட்டுக்கு ஒரு மாசம்க்கா!” என்று கத்தினாள் மாடத்தி. நம்புவதற்குக் குழாயடியில் ஒருத்தியும் தயாராயில்லை. ஆனாலும் வைத்தியம் சொல்ல எல்லாரும் தயார். எலுமிச்சம்பழத்தை மோந்து பார் என்றாள் ஒருத்தி. நியூஸ் பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார் என்றாள் இன்னொருத்தி. மாடத்தி இரண்டையும் செய்தாள். பேப்பர் கசங்கியது, அவ்வளவுதான்.

கடைசியில் பென்சன்தான் யோசித்தார்.

“யக்கா, வண்டி ஓடுதுன்னு கண்ணு சொல்லுது. நான் சும்மாதான இருக்கேன்னு ஒடம்பு சொல்லுது. ரெண்டுக்கும் நடக்கிற சண்டையிலதான் வயிறு பொரட்டுது. செத்த நேரம் ஓட்டுங்க, பொரட்டுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிருங்க. நாளைக்கு ஒரு நிமிஷம் கூட ஓட்டுங்க.”

அவர் டியூப் லைட்டைப் போட்டார். நாற்காலியைப் பின்னால் இழுத்தார். ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பினார். பஸ்ஸை முதுகுப் பக்கமிருந்து காட்டிய படத்தை, டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கிற மாதிரி மாற்றினார். மாடத்தி தன் வேன் புத்தியைச் சேர்த்துக்கொண்டாள்: கிட்டத்தில் ஓடும் கோட்டைப் பார்க்காதே, தூரத்தில் ரோடு முடிகிற இடத்தைப் பார். எட்டு நிமிஷம் வந்தது. பன்னிரண்டு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பத்தொன்பது நிமிஷம் ஓட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஐந்தாவது நிமிஷத்தில் வாளி.

புரட்டாசிச் சனி என்றால் அவளுக்கு விரதம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலையில் மலையேறிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வருகிறவரை எதுவும் சாப்பிட மாட்டாள். இந்த வருஷம் பஸ்ஸுக்காக வேண்டிக்கொண்டு விரதத்தைக் கூடுதல் கறாராகப் பிடித்தாள். பகலெல்லாம் பென்சன் கடையில் பயிற்சி, சாயங்காலம் மலை. அடுத்த சனியும் அதே கதிதான். பெருமாளுக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று முடிவு கட்டினாள். அதற்கடுத்த சனி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள். மூன்றே நிமிஷம்.

அன்றைக்குப் பென்சன் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். “பொம்பளைக்குப் பெரிய வண்டி எதுக்குன்னு அந்தச் சாமியும் சொல்லுதோ என்னவோ” என்று முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். பென்சன் ஒரு சோடாவை உடைத்து நீட்டினார். விரதமென்று அதையும் மறுத்துவிட்டாள், மகராசி.

திங்கட்கிழமை காலையில் வேன் பாதி வழி வந்திருக்கும். பென்சனின் தங்கச்சி மகள் கேத்ரின் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாள். மாடத்தி ஓரங்கட்டி இறங்கி, பிள்ளையின் முகத்தைக் கழுவிவிட்டுக்கொண்டே வழக்கமான பாட்டைத் தொடங்கினாள்.

“சாப்ட்டியாட்டி?”

“நேரமாச்சுன்னு சாப்பிடல அத்தே.”

“வெறும் வயித்தோட வண்டியில ஏறாதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? வெறும் வயிறுதான் முதல்ல பொரட்டும்னு...”

அவள் கை அப்படியே நின்றது. திங்கள் முதல் வெள்ளி வரை சாப்பிட்டுவிட்டு ஓட்டினாள், நிமிஷம் ஏறியது. சனிக்கிழமை பட்டினியோடு ஓட்டினாள், கவிழ்ந்தது. பதினோரு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓதுகிற உபதேசம் தன் காதில் மட்டும் ஏறவில்லையே! நடுரோட்டில் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகள் பயந்துபோய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. பயிற்சி நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து மாடத்தி இட்லி தின்றாள். வேடிக்கை பார்க்கவென்றே வந்திருந்த சமுத்திரம் வாயைப் பிளந்தான்.

“ஏட்டி, இன்னைக்குக் கடைசிச் சனியில்ல? பெருமாள் கண்ணக் குத்திராது?”

சின்னப் பிள்ளையிலிருந்து பிடித்த விரதம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மென்று விழுங்கினாள்.

“நின்ன எடத்துல நிக்கிறவரு அவரு. வளைவுல ஓட்டப் போறது நான். இன்னும் ரெண்டு வைங்கண்ணாச்சி” என்று இலையை நீட்டினாள்.

உள்ளே போனதும் லைட்டைப் போடச் சொன்னாள். ஃபேனைத் திருப்பச் சொன்னாள். “அப்படியெல்லாம் ரூல் கெடையாதும்மா” என்றார் இன்ஸ்ட்ரக்டர்.

“போடக்கூடாதுன்னு ரூல் இருக்கா சார்?”

அவர் யோசித்துவிட்டுப் போட்டார்.

பத்து நிமிஷம் பிசிறில்லாமல் போயிற்று. பதினெட்டில் இறக்கம் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நெற்றி வேர்த்தது, வாயில் உமிழ்நீர் ஊறியது. போச்சு என்று நினைத்தாள். தூரத்தில் ரோடு முடிகிற இடத்தைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றைப் பார்த்து, “ஏய், கெடட்டி உள்ள” என்று பல்லைக் கடித்தபடி அதட்டினாள். இருபத்து மூன்று. இருபத்து நாலு. படத்திலிருந்த ஸ்டாப்பில் பஸ்ஸைக் கோட்டுக்கு நேராக நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டாள்.

“பாஸ்” என்றார் இன்ஸ்ட்ரக்டர்.

கும்பிட்டாள். கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். நிதானமாக நடந்து வெளியே வந்து, வேப்பமரத்துக்குப் பின்னால் போய், தின்ற இட்லி அத்தனையையும் வெளியே தள்ளினாள்.

சமுத்திரம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். “பஸ்ஸுதான் ஒனக்குன்னு ஆயிப்போச்சே தங்கச்சி, பொறவு எதுக்கு வாந்தி?”

“உள்ள வச்சு எடுக்கக்கூடாதுன்னு நிறுத்தி வச்சிருந்தேண்ணே” என்று வாயைக் கொப்புளித்தாள்.

அங்கிருந்து நேராகத் திருவண்ணாமலை. கூட்டத்தோடு கூட்டமாக ஒவ்வொரு படியாக ஏறி, மூச்சிரைக்கப் பெருமாள் முன்னால் நின்று, ரவிக்கையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

“சாப்பிட்டது நெசந்தான் சாமி” என்றாள். “ஆனா ஒரு இட்லிகூட உள்ள தங்கல. விரதம் இருந்ததாவே வச்சுக்கோ.”