கூரைக்குப் போதாத மணல்

கிரஷரில் வேலை பார்த்தவர் இருமியபோது விழுந்தது சளி அல்ல, மணல். ஆற்றில் அள்ளுவது நின்றுபோய், கருங்கல்லை அரைத்து மணலாக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே அவர் அங்கே இருந்தார். முதலில் ஒரு சிட்டிகை, அப்புறம் ஒரு பிடி. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வேலையை விடச் சொன்னார். அவர் வேலையை விட்டார். இருமல் அவரை விடவில்லை. குப்பையில் கொட்ட மனசு வராமல் மனைவி அதைச் சாக்கில் சேர்த்தாள். பக்கத்துத் தெருக் கொத்தனார் அதில் கொஞ்சம் பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, தெளியும்வரை காத்திருந்தார். "ஒரு பொட்டு அழுக்கு இல்லம்மா. கடையில இப்படிக் கிடைக்காது" என்றார். "ஆத்து மணல் காலத்துல வேலை பார்த்திருந்தா கிளிஞ்சலும் சேர்ந்து வந்திருக்கும்" என்று கட்டிலில் சாய்ந்திருந்தவர் சிரித்தார். சிரித்ததில் இன்னொரு பிடி வந்தது.

தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருந்த அந்த ஒற்றை அறைக்குக் கான்கிரீட் கூரை போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. அதன்பிறகு வராத இருமலையும் வரவழைத்தார். "போதுங்க, கொறையறத வெலைக்கு வாங்கிக்கலாம்" என்று மனைவி கெஞ்சினாள்.

"வாங்கினா, அதுக்கு இன்னொருத்தன் இருமணும்."

அவள் அவர் முதுகைத் தடவிவிட்டாள். சல்லியும் சிமெண்டும் வந்து இறங்கின. கூரையின் ஒரு மூலைக்கு மட்டும் மணல் போதாமல் இருந்தபோது அவர் போய்ச் சேர்ந்தார். வாங்கிவிடலாமா என்று கொத்தனார் கேட்டார். "அவரு வேணாம்னாருங்க" என்று சொல்லி, வாசலில் கொட்டியிருந்த குவியலை அவருடைய போர்வையால் மூடினாள்.

ஒரு சாயங்காலம் ஷிப்டு முடிந்து அவரோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். வெள்ளைத் தூசி படிந்த முகங்களில் யார் எவரென்று தெரியவில்லை. போர்வையை விலக்கிவிட்டு, குவியலைச் சுற்றிக் குத்தவைத்து இருமத் தொடங்கினார்கள். அவள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எப்படியும் இருமுறதுதானே அண்ணி. இங்க இருமிட்டுப் போறோம்."

அவள் உள்ளே போய் வெந்நீர் வைத்தாள்.

கலவை போட்ட அன்று யாருடைய மணல் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கூரை நன்றாக இறுகியது. அடுத்து வந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் அவர்கள் வருவது நிற்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் வந்தார்கள். வாசலில் மறுபடியும் குவியல் ஏறியது. அடுத்த வீட்டுக்காரி சில நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வீட்டுத் தகரத்தைப் பிரிக்க ஆள் சொன்னாள்.