உறைபனியில் எழுதிய பெயர்

சபர்காலியின் மனைவி ரௌஷன் ஒன்பது வருஷம் ஒரு நொடிகூடத் தூங்கவில்லை. ஏவுதளத்து ஊரில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் நிரப்பும்போது அதன் மேனியில் உறைபனி படியும். எரிபொருள் ஆட்கள் அதில் விரலால் பெண்டாட்டி பெயரை எழுதுவார்கள். எழுதாமல் விட்ட ராக்கெட் உருப்படியாகப் போய்ச் சேராது. எழுதினாலோ, மேலே போனது தன் வேலையை முடிக்கும்வரை அந்தப் பெயர்க்காரிக்குத் தூக்கம் வராது. சரக்கு ராக்கெட் என்றால் இரண்டு மூன்று நாள். பெண்கள் அதற்குள் கம்பளங்களைத் தட்டி, ஜன்னல்களைத் துடைத்து, ஜலதோஷம் வந்து போவதுபோல் அதைக் கழித்துவிடுவார்கள். வருஷக்கணக்கில் மேலேயே சுற்றும் கலங்களில் மட்டும் மனைவி பெயர் கூடாது. அவற்றில் யாராவது தன் ஒட்டகத்தின் பெயரை எழுதிவிடுவான். ஊருக்கு வெளியே அப்படி ஏழெட்டு ஒட்டகங்கள் கண்ணை மூடாமல் முள்ளை மென்றுகொண்டு நின்றன.

இது தெரிந்தும் சபர்காலி எழுதினார். இருபத்தாறு வயதில் வால்வு சோதிக்கிறவராக வந்து, அறுபத்தொரு ஏவுதல்களைப் பார்த்து, அதில் நாலு வெடித்து, இரண்டு முறை பதவி இறங்கி, மூன்று முறை ஏறி, கடைசியில் ஒரு விண்தொலைநோக்கியின் திட்டத் தலைவராக ஆனவர். பதினாலு வருஷம் அந்த ஒரு கண்ணாடிக்காக உழைத்தார். ஏவும் நாளன்று தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஒட்டகத்தின் பெயர் நினைவுக்கு வரவில்லை. ரௌஷன் என்று எழுதினார். இரண்டு வருஷம்தான் அதன் ஆயுள், சமாளித்துக்கொள்வாள் என்று பிறகு தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

இரண்டு வருஷம் முடிந்தது, கண்ணாடி முடியவில்லை. வருஷா வருஷம் ஆயுள் நீட்டிப்புத் தாள் அவர் மேஜைக்கு வரும். பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களின் படங்களும் கூடவே வரும். படங்களைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். வீட்டில் ரௌஷன் உப்புத் தேநீரை நீட்டுவாள்.

"என்ன இன்ஜினீயரய்யா, உங்க கண்ணாடி இன்னும் முழிச்சுத்தான் இருக்கா?"

"இருக்கு. இந்த வருஷம் தானா நின்னுடும்."

"போன வருஷமும் இதே பாட்டுதான். எழுதறதுக்கு வேற எவ பேரும் கிடைக்கலையா?"

"வேற எவளத் தெரியும் எனக்கு?"

"அது சரி. ஒருத்தியத் தெரிஞ்சுக்கிட்டதுக்கே இந்தக் கதி."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. தேநீரில் இரண்டு முறை உப்புப் போட்டாள், படியில் பாதி ஏறிவிட்டு எதற்கு ஏறினோம் என்று நின்றாள். ஒன்பதாவது வருஷம் அவருடைய கோட்டைத் துவைக்கப் போட்டபோது பையில் நீட்டிப்புத் தாளின் நகல் கிடைத்தது. படித்துவிட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"தானா நின்னுடும், தானா நின்னுடும்னீங்க. நீங்கதான் ஓட்டிட்டு இருந்தீங்களா?"

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் மாவு பிசையப் போனாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, துணைத்தலைவன் கைரொல்லா கெஞ்சக் கெஞ்ச, நல்ல நிலையில் இருந்த கண்ணாடியை அவர் அணைத்தார். வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் எண்ணெய் கருகிக்கொண்டிருந்தது. ரௌஷன் மாவுத் தட்டில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்து, அவள் கன்னத்து மாவைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பிறகு பொறியாளர் புத்தி விடவில்லை, கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமென்றால், தூங்காமல் விட்டதைத் தூங்கி முடிக்க மூன்று வருஷம் ஆகும். மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

வேலையை விட்டார். ஆனால் அந்த மாதமே கைரொல்லா தன்னுடைய முதல் செயற்கைக்கோளை ஏவும்போது விருந்தாளியாகக் கூப்பிட்டான். மூன்று வருஷ ஆயுள் அதற்கு. உறைபனி படிந்ததும் சபர்காலி கையுறையைக் கழற்றித் தன் பெயரையே எழுதினார்.

"சொந்தப் பேர எவனாவது எழுதுவானா, தலைவரே?" என்று கைரொல்லா பதறினான்.

"அவ எந்திரிக்கிறப்ப நான் தூங்கிட்டு இருக்கக் கூடாதுப்பா."

மூன்று வருஷம் அவள் பக்கத்தில் முழித்திருந்தார். மார்ச் மாதம், ஆற்றில் பனி உடைந்த வாரம், ரௌஷன் எழுந்து, கன்னத்தைத் தடவிப் பார்த்து, மாவு எங்கே என்று கேட்டாள். அவருடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் தேநீர் போட்டாள்.

அந்தச் செயற்கைக்கோள் இன்னும் ஓடுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கைரொல்லா கையில் இனிப்புப் பொட்டலத்தோடு வருவான், செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவான், தரையைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் தானா நின்னுடும், தலைவரே" என்பான். சபர்காலி தலையாட்டுவார். படம் ஏதாவது கொண்டுவந்தாயா என்று கேட்பார்.