எடுக்காத பொட்டலம்

ராசிபுரம் கடைவீதியில் கந்தப்பன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். பனமரத்துப்பட்டி சௌந்திரத்தைப் பெண் பார்த்து, இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. மாரியம்மனிடம் பூக் கேட்பது ஒன்றுதான் பாக்கி. வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இல்லை.

இரண்டு நிற அரளியையும் தனித்தனியே இலையில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைத்தவர் கந்தப்பனின் அண்ணன் ராசப்பன். பூசாரியின் மகள் ஒன்றை எடுத்தாள். சிவப்பு. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். கந்தப்பன் இரண்டு பொட்டலங்களையும் கேட்டு வாங்கிவந்து ஸ்டுடியோவில் அம்மன் படத்தின் கீழ் வைத்தான்.

வைகாசியில் சௌந்திரத்துக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அன்று அவன் கடைக்கதவைச் சாத்திக்கொண்டான். அழுகை வரவில்லை. தனக்கு வராமல்போன வெள்ளைப் பூவைப் படமாகவாவது வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. காமிராவின் முன்னே சிவப்பை வைத்தான். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மற்ற பொட்டலத்தின் நூலை அவிழ்த்தான்.

அதிலும் சிவப்பு அரளி. சருகாகியும் நிறம் போகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான்.

மறுவாரம் ராசப்பன் வந்தார். சுவரில் புதுப் படம்.

"ஏண்டா தம்பி, ஆளுக யாரும் வல்லீனு பூவுக்குப் போட்டோ புடிக்கறயா? ரெண்டும் கருப்பா இருக்குது?"

"செவப்பு படத்துல கருப்பாத்தானுங்க உழும். கோயல்ல வெச்ச பொட்டலமுங்கண்ணா. ரெண்டும்."

ராசப்பன் முக்காலியில் உட்கார்ந்தார்.

"சௌந்திரத்தோட அப்பன் கெணத்துத் தண்ணிக்கு என்னையக் கோர்ட்டு வாசல்ல நிக்க வெச்சானே... அந்த ஊட்டுல எப்புடிடா சம்மந்தம்..."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே வேண்டாம்னிருப்பனுங்க. மாரியாத்தா வாயில எதுக்குங்கண்ணா அந்தச் சொல்ல வெச்சீங்க?"

அதற்குள் அண்ணி வசந்தாமணி சோற்றுப் போசியோடு உள்ளே வந்தாள். படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன பூவுங்க தம்பி? இத்தன கருப்பா?"

ராசப்பன் தரையைப் பார்த்தார். கந்தப்பன் அண்ணி பக்கம் திரும்பினான். சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் புருஷன் முகத்தை இனி எப்படிப் பார்ப்பாள்?

"அரளிங்க அண்ணி. வாடுன பூவு."

அம்மன் அந்த நேரத்துக்கு அவனுக்குக் கொடுத்த நிதானம் அவ்வளவுதான்.

வசந்தாமணி இருவருக்கும் இலை போட்டாள். ராசப்பன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அழுதார்.

"காரமா போயிருச்சுங்களா?" என்று அவள் பதறினாள்.

கந்தப்பன் தன் தண்ணீர்ச் செம்பை அண்ணன் பக்கம் நகர்த்தினான். படத்தை மட்டும் கழற்றவில்லை.