நேரில் ஆஜர்

அவள் அப்பாவின் தலையை வாரிக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர் வந்தார். கையில் மைப்பெட்டி, ஒரு காகிதம்.

"கொத்தனார் ஐயா இருக்காரா?"

"இருக்காரு. காலையில ஆறு மணிக்குப் போயிட்டாரு," என்றாள் அம்மா.

போலீஸ்காரர் கட்டிலைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

முப்பத்தோரு வருடங்களுக்கு முன், அப்பா வேலை செய்த வீட்டில் நகை காணாமல் போனது. வேலையாட்கள் எல்லோரிடமும் கைரேகை எடுத்தார்கள். ஒரே வாரத்தில் திருடன் பிடிபட்டான். வீட்டுக்காரரின் மைத்துனன். ஆனால் அப்பாவின் பத்து விரல்களும் போலீஸ் அலமாரியிலேயே தங்கிவிட்டன. அழிக்கச் சொல்லி வருடா வருடம் மனு போட்டார். எட்டாம் வகுப்பிலிருந்து எழுதிக்கொடுத்தவள் அவள்தான். "சாகறதுக்குள்ள என் விரலைத் திருப்பி வாங்கிடணும் பாப்பா" என்பார், கடப்பாரையை இரவல் கொடுத்தவர் போல.

"அழிக்க உத்தரவு ஆயிடுச்சும்மா. அவர்தானான்னு பார்க்க புதுசா ஒரு தடவை ரேகை எடுக்கணும். அதுக்குத்தான் வந்தேன். ஆனா மனுதாரர் இறந்துட்டா மனுவும் முடிஞ்சிடும். ரேகை அங்கேயே இருக்கும், நூறு வயசு வரைக்கும்."

"யாருக்கு நூறு வயசு?"

"ஐயாவுக்குத்தான்."

அவள் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"மனுதாரர் நேரில் இருக்கணும்னுதான் போட்டிருக்கு. உயிரோடன்னு எங்கயும் இல்லையே."

"அது... எழுதணும்னு யாருக்கும் தோணலை."

"இதைவிட எப்படிங்க நேர்ல இருக்கறது?" என்றாள் அம்மா. "எடுங்க. உயிரோட இருந்தா உங்களை வாசல்லயே நிக்கவச்சுக் கேள்வி கேட்டிருப்பாரு."

போலீஸ்காரர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்தார். விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. அவள் ஒவ்வொன்றாக நீட்டிப் பிடித்தாள்.

"எப்பவும் இப்படித்தான். சொன்னா கேக்கற விரலா அது," என்றாள் அம்மா.

கட்டைவிரல் வெறும் கறுப்பாக விழுந்தது. ஆட்காட்டி விரலும் அப்படித்தான். நாற்பது வருடச் சிமென்ட், ரேகைகளைத் தின்று முடித்திருந்தது.

"பூசிவச்ச சுவர் மாதிரில்ல இருக்கு," என்று முணுமுணுத்தவர், "மன்னிச்சுக்குங்கய்யா" என்றார் அப்பாவிடம். "ஒரு விரல் பொருந்தினாக்கூடப் போதும்மா. இல்லைன்னா அழிக்க மாட்டாங்க."

ஒன்பது விரல்கள் முடிந்தன. ஒன்பதும் கறுப்பு. மிச்சம் இருந்தது இடது சுண்டுவிரல்.

"செங்கல் பிடிக்கும்போது அதை மட்டும் தூக்கியே வச்சிருப்பாரு," என்றாள் அவள்.

"மகாராணி டீ குடிக்கற மாதிரி," என்றாள் அம்மா.

போலீஸ்காரர் விரலை மெதுவாக உருட்டி எடுத்தார். தாளில் வளைவு வளைவாகக் கோடுகள் விழுந்திருந்தன, ஒன்றுகூட விட்டுப்போகாமல். மூன்று தலைகளும் குனிந்து பார்த்தன.

"இது போதும். ரெண்டு வாரத்துல ஐயா பேருக்குக் கடிதம் வரும்."

"வரட்டும். அவர் வெளிய போயிருக்காருன்னு நான் வாங்கிக்கறேன்," என்றாள் அம்மா.

போலீஸ்காரர் போனதும் அவள் ஈரத்துணியால் பத்து விரல்களையும் துடைத்தாள். அப்பாவை எடுத்துப்போக வாசலில் வண்டி வந்து நின்றது. கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைத்தபோதுதான் பார்த்தாள். அப்பாவின் வெள்ளைச் சட்டைக் கையில் அவளுடைய கட்டைவிரல் ரேகை, அச்சடித்தது போல.

அம்மாவும் பார்த்தாள். ஈரத்துணியை அவள் கையிலிருந்து வாங்கிப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள்.