எந்த ‘வந்துவிடு’?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்படி ஸ்பீக்கரில் ஓடிய ஒரு பாட்டு பாதியில் நின்றதிலிருந்து வந்தது.

நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றால், என் கணவர் கிருபாகரன் ஆபீஸ் வேனில் ஏறி ஹெட்போனை மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஸ்பீக்கருக்கும் அவர் போனுக்கும் சேர்த்துப் பாட்டுச் செயலியில் ஒரே கணக்கு. அது ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் பாடும். இங்கே விட்ட இடத்திலிருந்து அவர் போனில் தொடர்வார், அடுப்படி அமைதியாகிவிடும். தினமும் நடப்பதுதான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று அவர் வீடு திரும்பவில்லை.

(இதற்கு முன் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்: ‘தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு’ – செய்தித்தாள் போல இருந்தது. ‘கடல் தான் எடுத்ததை’ – கடல்மேல் பழியைப் போட்டு எழுதுவது எனக்குச் சுலபம். அதனாலேயே அடித்துவிட்டேன்.)

2

கிருபாவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஒரே தலைப்புள்ள பாட்டுகளைத் தேடிச் சேர்ப்பார். அதிலும் ‘வந்துவிடு’ என்ற தலைப்பு.

முதலாவது, நாசரேத்தில் அவருடைய அப்பா வைத்திருந்த கறுப்பு இசைத்தட்டு. பெண்கள் கூடிப் பாடும் கீர்த்தனை. ஆண்டவர் பாவியைக் கூப்பிடுகிறார். அடுத்தது சினிமாப் பாட்டு. மழையில் நின்று காதலன் கூப்பிடுகிறான். பிறகு ஒரு கானா. செத்துப்போன மகனைத் தாய் கூப்பிடுகிறாள். சென்னைப் பையன்கள் கிட்டாரை அலறவிட்டுக் கத்தும் ஒன்று உண்டு. அதில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைசியாக, வீணையும் சாக்ஸபோனும் மட்டும். அதில் சொற்களே கிடையாது.

வீட்டில் ஒருவர் ‘வந்துவிடு போடு’ என்றால், மற்றவர் ‘எந்த வந்துவிடு?’ என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டு வேடிக்கை அது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: “அஞ்சுலயும் யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, ஜெமி. ஒண்ணுலகூட ஆள் வந்து சேரல.”

“நீ முதல்ல சோத்துக்கு வந்து சேருலே,” என்றார் அத்தை.

(சொல்லே இல்லாத பாட்டில் ஆள் வரவில்லை என்று எப்படித் தெரியும்? அன்று கேட்கவில்லை. கதைக்குப் பொருத்தமான வசனமாக நான் பின்னால் சேர்த்துவிட்டேனோ என்று சந்தேகம் வருகிறது. இல்லை. சொன்னார்.)

3

அத்தை என்றது என் மாமியார் ஜீவமணியை. ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்தக் கதையில் நான் பயப்படும் பாத்திரம் அவர்தான். கொடுமைக்காரர் அல்ல. நான் சபைப் பத்திரிகைக்கு எழுதுவதையெல்லாம் முதலில் வாசிப்பவர் அவர். மேசையில் தாள் கிடந்தால் போதும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆகவே உங்களுக்கு முன்னால் இது அவர் கைக்குப் போகலாம். இதை எழுதும்போதே காலடிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக ஒரு வரைவில் அவரை ஆத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். இன்னொன்றில் கதை தொடங்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். எழுதிவிட்டுத் தாளைக் கிழித்தேன். இரண்டிலும் கதை நகரவில்லை. அந்த நேரத்தில் அந்த அடுப்படியில் அவர் இருந்தாக வேண்டும்.

(பின் எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். எழுதாவிட்டால் என்றாவது வாய் சொல்லிவிடும்.)

4

கத்திரிக்காய் முடிந்து, துணி துவைத்துக் காயப்போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் தேங்காய்க்கு வந்திருந்தேன். அத்தை வந்து உட்கார்ந்து, ஸ்பீக்கரிடம் கீர்த்தனை ‘வந்துவிடு’ போடச் சொன்னார். பேசினால் கேட்கும் ஸ்பீக்கர் அது. கிருபா வாங்கித் தந்தது. அது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. வேறொரு கருவியில் பாட்டு ஓடுகிறது, அதை நிறுத்திவிட்டு இங்கே போடலாமா?

“யெஸ், ப்ளீஸ்,” என்றார் அத்தை. இயந்திரமானாலும் மரியாதையாகத்தான் பேசுவார்.

பெண்கள் பாடத் தொடங்கினார்கள். நான் தேங்காயைத்

(இந்த வாக்கியத்தை முடித்தால் அடுத்ததாக ஏணியை எழுத வேண்டும். முடிக்காவிட்டாலும் எழுதத்தான் வேண்டும்.)

கிருபா ஒரு கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க். கப்பல் துறைமுகத்துக்குள் வருமுன் லாஞ்சில், அதாவது சிறு மோட்டார்ப் படகில், போய்க் காகிதங்களோடு ஏறுவார். கப்பலின் பக்கவாட்டில் கயிற்றேணி தொங்கும். அன்று கச்சான் என்கிற மேல்காற்று லாஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. ஏணியின் பாதியில் கை தவறியது என்றார்கள். லைஃப் ஜாக்கெட் கிடைத்தது, கொக்கி மாட்டாமல். அவர் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை நினைவு ஆராதனை. சவப்பெட்டி இல்லாத ஆராதனை. அதில் ‘வந்துவிடு’ பாட வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். சபையில் கீபோர்டு வாசிக்கும் பிரைட்டன் போன் செய்தான். தேடினால் நிறைய வருகிறதாம். எதுவும் தெரியாமல்தான் கேட்டான்: “எந்த வந்துவிடு, மைனி?”

கீர்த்தனை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

5

நேற்று, லாஞ்சு ஓட்டும் அய்யாக்குட்டி வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றே பேசினார். போலீஸ் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாராம். அவர்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறதாம்.

“ஏணில ஏறும்போது அண்ணாச்சி பாட்டுக் கேட்டுக்கிட்டேதான் ஏறினாவ, மைனி. எப்பவும் அப்படித்தான். பாதில நின்னாவ. ஒரு கைய எடுத்துக் காதத் தொட்டாவ. கீழ என்னையப் பாத்துச் சிரிச்சாவ. ‘ஏலே, எங்கம்மா பாட்டப் புடுங்கிட்டாவ’ன்னாவ. அதுக்குள்ள அலை வந்துட்டு.”

வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது. அத்தை அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் பேசுவது அங்கே கேட்குமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அய்யாக்குட்டிக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியாது. அவரைப் பொறுத்தவரை, ஒருவர் தாயை நினைத்துச் சிரித்தபடியே போயிருக்கிறார். அந்த ஆறுதலை அவர் இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறார்.

“கடைசியா அம்மாவப் பத்தித்தான் சொன்னாவ. அத அவங்க காதுல போடாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. சனிக்கிழம கோயிலுக்கு வந்து சொல்லிருதேன்.”

சொல்ல வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், தெரிந்தவர்கள் இரண்டு பேராவோம். நான், “சாப்பிட்டீங்களா தம்பி?” என்று கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

6

நாளை சனிக்கிழமை. என்னிடம் இருக்கும் முடிவுகள்:

அ. அய்யாக்குட்டி சொல்கிறார். அத்தைக்குத் தான் சொன்ன ‘யெஸ், ப்ளீஸ்’ நினைவில் இல்லை. மகன் சிரித்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அய்யாக்குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அன்று ராத்திரி தூங்குகிறார்.

ஆ. நினைவில் இருக்கிறது.

(ஆ இவ்வளவுதான். இதற்கு மேல் எழுதவில்லை.)

இ. நான் கோயில் வாசலிலேயே அய்யாக்குட்டியை நிறுத்தி, பாட்டை விட்டுவிட்டு ‘எங்கம்மா’ என்பதை மட்டும் சொல்லச் சொல்கிறேன். எழுதுகிறவளுக்கு ஒரு வரியை வெட்டத் தெரியாதா? ஆனால் அம்மா பாட்டைப் பிடுங்கியதற்காகத்தான் கிருபா சிரித்தார். அதை வெட்டினால் அந்தச் சிரிப்பு எதற்கு என்று

இதைத்தான் இன்று காலை எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை அடுப்படிக்கு வந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் பாட்டே கேட்டதில்லை. ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தார். நாளைக்குப் பாட வேண்டிய கீர்த்தனையை ஒருமுறை கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். ஸ்பீக்கரிடம் பேசவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“ஏளா ஜெமி, அங்கன யாரும் பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காங்களா?”

தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“இல்ல அத்தை.”

“பாத்துச் சொல்லு.”

அவருக்குத் தெரிந்திருக்கிறதா, அல்லது அவர் இன்னும் மகனுக்காகக் காத்திருக்கிறாரா? இரண்டில் எது எனக்கு அதிகப் பயம் என்பதே எனக்குத் தெரியவில்லை. முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கு முன் அத்தை வாசித்துவிட்டால், அவரிடம்.

அத்தை சொன்னபடி என் போனில் பாட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தேன். எங்கேயும் எதுவும் பாடவில்லை. பாடும் கருவிகள் இப்போதும் இரண்டுதான். ஒன்று ‘வீடு’. இன்னொன்று ‘கிருபா’.