நான்கு வெள்ளி, நான்கு பள்ளம்

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எனக்குக் கை ஓடாது. மல்கிரேவ் மருந்துக் கிடங்கில் மற்ற நாட்களில் மணிக்குத் தொண்ணூறு பெட்டி எடுப்பேன். வெள்ளியன்று அறுபது. கையில் கட்டிய ஸ்கேனர் எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும்.

இரவு வேலைதான் சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவைத் தந்தது என்று சொல்லி, அதை விட்டு ஒரு மாதத்துக்கு முன் இங்கே பகலுக்கு வந்தவன் நான். விடிய விடியக் குடித்த கோலாவைப் பற்றிச் சொல்வதில்லை. இங்கே வருத்தத்தையே சொல்லவில்லை. ஏஜென்சி மூலம் வாரக் கணக்கில் வரும் ஆளுக்கு வருத்தமென்றால் அடுத்த வாரம் வேலை வராது.

மேற்பார்வையாளர் செந்தில்நாதன் மதுரைக்காரர். ஐந்தாவது வெள்ளி காலை கூப்பிட்டுக் கணினித் திரையில் என் வேகக் கோட்டைக் காட்டினார். நான்கு வெள்ளி, நான்கு பள்ளம்.

"இளங்கீரன், வியாழக்கிழமை ராத்திரி எவ்வளவு ஊத்துறீங்க? இன்னைக்கும் இதே நம்பர்னா ஏஜென்சிக்கு நான் எழுதியாகணும்."

"நான் குடிக்கிறேல்லை அண்ணை."

சொல்லும்போதே வியர்த்துக் கொட்டியது. பள்ளங்கள் எட்டாகத் தெரிந்தன. கதிரையில் விழுந்தேன்.

அவர் போனை எடுத்தார். "ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்."

"வேண்டாம். ஆம்புலன்ஸ் காசு கட்ட ஏலாது. சீனி இறங்கிட்டுது."

தன் மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்த பழச்சாற்றை எடுத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் எட்டுப் பள்ளம் மறுபடி நான்கானது.

"எங்கப்பாவுக்கும் சுகர்தான். காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்டுமில்லை. வெள்ளி விரதம்."

"மாத்திரை?"

"போட்டனான்."

"நல்லா இருக்கு! வயித்துக்கு விரதம், மாத்திரைக்கு இல்லையா?"

விசாவுக்காக முருகனுக்கு வைத்த நேர்த்தி அது. விசா வந்து மூன்று வருடம். விரதத்தை விட்டால் பறித்துவிடுவார்களோ என்று பயம். அதையும் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏங்க, இமிகிரேஷன்காரன் உங்க வயித்தையா எட்டிப் பாக்குறான்?"

ஏஜென்சிக்கு அன்றே எழுதினார். எழுதியதை எனக்கும் காட்டினார்: காரணம் உடல்நிலை, தினமும் பத்து மணிக்குச் சாப்பிடப் பத்து நிமிடம் தேவை. அடுத்த வார வேலை முன்பே உறுதியாகியிருந்தது; அதற்குப் பிறகும் வேலை தருவார்கள் என்று, அதைப் பார்த்தபிறகும் நான் நம்பவில்லை. டொக்டர் திட்டிவிட்டு மாத்திரையை மாற்றினார். முருகனோடும் பேசித் தீர்த்தேன்: வெள்ளியில் மச்ச மாமிசம் இல்லை, மரக்கறிச் சாப்பாடு உண்டு.

அடுத்த வெள்ளி பதினொரு மணிக்கு ஸ்கேனரில் எண்பத்தெட்டு. செந்தில்நாதன் எட்டிப் பார்த்தார்.

"என்ன, நேத்து சரக்கு கிடைக்கலையா?"

"கடை பூட்டிப்போட்டாங்கள் அண்ணை."

பின்னேரம் ஏஜென்சியின் குறுஞ்செய்தி வந்தது. அடுத்த வாரம் ஐந்து நாள் வேலை. வெள்ளியும் சேர்த்து.